தலையணைக்கடியில் வேதப்புத்தகம்



மூடநம்பிக்கை என்ற சொல்லைக் கேட்டதும் நம்மில் பலருக்கு அடுத்த வீடுதான் நினைவுக்கு வருகிறது. மற்றவர் செய்வது மூடநம்பிக்கை, நாம் செய்வது விசுவாசம் என்று ஒரு வசதியான கணக்கை வைத்திருக்கிறோம். இன்று நான் பேசப்போவது அடுத்த வீட்டைப் பற்றி அன்று. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஆலயத்துக்குப் போகிற, இரவில் குடும்ப ஜெபம் செய்கிற, சுவரில் சிலுவை மாட்டியிருக்கிற நம் வீட்டைப் பற்றி.

ஜொகூர் மாநிலத்தில் பத்து பகாட் மாவட்டத்தைச் சேர்ந்த யோங் பெங் பட்டணத்தை நேயர்களில் பலர் அறிந்திருப்பீர்கள். லாபிஸ், சிகாமட் செல்லும் சாலை ஒருபுறம், பாரிட் சூலோங் வழியாக மூவார் செல்லும் சாலை ஒருபுறம், பத்து பகாட் ஒருபுறம், ஆயர் ஈத்தாம் ஒருபுறம் என்று நாற்புறச் சாலைகளும் கூடும் ஊர். சுற்றுப்புறத்தில் முன்பு பால்மரக் காடுகள். இப்போது பெரும்பாலும் செம்பனை. பட்டணத்தில் பூச்சோவ் வழிவந்த சீனர்கள் அதிகம். மலாய்க்காரர்களும், தோட்டத்து லயங்களிலிருந்து தாமான்களுக்குக் குடிவந்த தமிழர்களும் அக்கம்பக்கமாக வாழ்கிறார்கள். இப்படிப்பட்ட ஊரில் ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் ஆலோசனைக்குப் பஞ்சமில்லை. ஒருவர் வேப்பிலை என்பார், ஒருவர் போமோ என்பார், ஒருவர் மஞ்சள் தாளில் எழுதிய மந்திரம் என்பார். கிறிஸ்தவர் வீட்டில் என்ன சொல்லுவார்கள்? பிள்ளையின் தலையணைக்கடியில் வேதப்புத்தகத்தை வை என்பார்கள்.

வைப்பதில் என்ன தவறு என்று கேட்பீர்கள். தவறு என்று உடனே சொல்லிவிட நான் வரவில்லை. ஆனால் அந்தப் புத்தகம் அங்கே என்ன வேலையைச் செய்கிறது என்று ஒரு நிமிடம் யோசிக்கலாம். முன்பு அதே இடத்தில் ஓர் இரும்புத் துண்டோ, பாக்குவெட்டியோ இருந்தது. இரும்பை எடுத்துவிட்டு வேதத்தை வைத்தோம். இடம் மாறவில்லை, வேலையும் மாறவில்லை. திறந்து படிக்க வேண்டிய புத்தகம் மூடியபடியே காவல் காக்கிறது. அதுபோலவே புது மோட்டார் சைக்கிள் வாங்கினால் போதகரை அழைத்து ஜெபம் செய்கிறோம்; அவர் போனபிறகு, எதற்கும் இருக்கட்டுமே என்று சக்கரத்தடியில் ஓர் எலுமிச்சம்பழத்தையும் வைத்து நசுக்குகிறோம். இந்த "எதற்கும் இருக்கட்டுமே" என்பதுதான் நம் வீடுகளில் அதிகம் ஓதப்படும் மந்திரம் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

இதில் ஒரு எச்சரிக்கையும் வேண்டும். பழைய வழக்கம் எல்லாமே மூடநம்பிக்கை அன்று. இந்தக் கேள்வி தமிழ்க் கிறிஸ்தவர்களிடையே நானூறு ஆண்டுகளாக நடந்துவருகிறது. 1606ஆம் ஆண்டு மதுரைக்கு வந்த தத்துவ போதகர் என்னும் இராபர்ட் தெ நொபிலி, கிறிஸ்தவரான ஒருவர் தம் குடுமியையும் பூணூலையும் சந்தனத்தையும் விட்டுவிட வேண்டியதில்லை, அவை ஊர்வழக்கமே என்று வாதாடினார். உடன் இருந்த பாதிரிமார்களே அவரை எதிர்த்தார்கள். வழக்கு ரோமாபுரி வரை போயிற்று. 1623ஆம் ஆண்டு பாப்பரசர் பதினைந்தாம் கிரகோரியார், மூடநம்பிக்கை கலவாதிருக்குமானால் அவற்றை வைத்துக்கொள்ளலாம் என்று தீர்ப்பளித்தார். எண்பது ஆண்டுகள் கழித்து, 1704இல், புதுச்சேரிக்கு வந்திருந்த தூர்னோன் என்ற ரோமைத் தூதர் பல வழக்கங்களைத் தடைசெய்து கட்டளை பிறப்பித்தார். பிள்ளையார் உருவம் பொறித்த தாலி கூடாது, திருமணத்தில் தேங்காய் உடைத்து அது உடையும் விதத்தைக் கொண்டு நல்லது கெட்டது பார்க்கக் கூடாது என்பவை அவற்றுள் சில.

தாலி போகவில்லை. சிலுவையோ புறாவோ பொறித்த தாலியாக இன்றும் நம் பெண்களின் கழுத்தில் இருக்கிறது. நான் அதைக் குறை கூறமாட்டேன். தாலி ஓர் அடையாளம். இவள் மணமானவள் என்று ஊருக்குச் சொல்லுகிறது. ஆனால் அந்தத் தாலி ஒருநாள் கழன்று விழுந்துவிட்டால் கணவனுக்கு ஆபத்து என்று வீடே நடுங்குகிறதே, அங்கே அடையாளம் வேறொன்றாகிவிட்டது. பொருள் ஒன்றுதான். அதன்மேல் நாம் ஏற்றிவைத்த பயம்தான் வேறு. ஒன்றைச் செய்யாமல் விட்டால் என்ன ஆகுமோ என்று நெஞ்சு அடித்துக்கொள்ளுமானால், அதை வழக்கம் என்ற கணக்கில் எழுதாமல் மறுபடி எடுத்துப் பார்ப்பது நல்லது.

வேதாகமமே இந்தக் காரியத்தில் நம்மை ஏமாற்றவில்லை. தேவன் கொடுத்த பொருளைக்கூட மக்கள் தாயத்தாக்கிவிடுவார்கள் என்று அது வெளிப்படையாகச் சொல்லுகிறது. முதலாம் சாமுவேல் நான்காம் அதிகாரத்தில் பெலிஸ்தரோடு போர் நடக்கிறது. இஸ்ரவேலர் தோற்கிறார்கள். தோல்விக்குக் காரணம் தேடவில்லை. உடன்படிக்கைப் பெட்டியைப் பாளயத்துக்குக் கொண்டுவந்தால் வெற்றி நிச்சயம் என்று எண்ணுகிறார்கள். பெட்டி வந்ததும் தரை அதிர ஆர்ப்பரிக்கிறார்கள். அன்று விழுந்த காலாட்கள் முப்பதாயிரம் பேர். பெட்டியும் எதிரி கையில் போயிற்று. இன்னொன்று, மோசே வனாந்தரத்தில் செய்துவைத்த வெண்கலச் சர்ப்பம். தேவன் சொல்லிச் செய்தது. அதைப் பார்த்தவர்கள் பிழைத்தார்கள். பல நூற்றாண்டு கழித்து எசேக்கியா அரசனாகும்போது மக்கள் அதற்குத் தூபம் காட்டிக்கொண்டிருந்தார்கள். எசேக்கியா அதை உடைத்துப்போட்டான். இரண்டாம் இராஜாக்கள் 18ஆம் அதிகாரம் அதை அவனுக்கு ஒரு புண்ணியமாகவே எழுதிவைத்திருக்கிறது. மோசேயின் கைவேலையை உடைக்க எத்தனை துணிவு வேண்டும் என்று எண்ணிப்பாருங்கள்!

இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய வியாதி என்று எண்ணவும் வேண்டாம். நான்காம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அந்தியோக்கியா பட்டணத்தில் பிரசங்கித்த கிறிசோஸ்தோம் என்னும் யோவான், தம் சபையிலுள்ள செவிலித்தாய்மாரையும் பணிப்பெண்களையும் கடிந்துகொள்ளுகிறார். எதற்காக? குளிக்கும் இடத்துச் சேற்றை விரலால் தொட்டுக் குழந்தையின் நெற்றியில் பூசுகிறார்களாம். கேட்டால், கண்ணேறு படாதிருக்க என்கிறார்களாம். கையில் சிவப்புக் கயிறு கட்டுவதையும் அவர் சொல்லுகிறார். குழந்தைக்குப் பெயர் தேர்ந்தெடுக்கப் பல விளக்குகளை ஏற்றி, ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் வைத்து, அதிக நேரம் எரிந்த விளக்கின் பெயரைச் சூட்டுவதையும் சொல்லுகிறார். கன்னத்து மைப்பொட்டையும் மணிக்கட்டுக் கயிற்றையும் நாம் என்னவோ தோட்டத்திலிருந்து கொண்டுவந்தது என்று எண்ணிக்கொண்டிருக்கிறோம்!

அந்தத் தலையணைப் புத்தகத்துக்கும் ஒரு பழைய சாட்சி உண்டு. வட ஆப்பிரிக்காவில் ஹிப்போ என்ற நகரின் பேராயராயிருந்து 430இல் மறைந்த அகஸ்தீன், தம் மக்கள் தலைவலி வந்தால் சுவிசேஷப் புத்தகத்தைத் தலைமாட்டில் வைத்துக்கொள்வதைப் பற்றிப் பேசுகிறார். அவருடைய பதில் எனக்கு மிகவும் பிடிக்கும். அதற்காகவா அந்தப் புத்தகம் எழுதப்பட்டது என்று வருந்துகிறார். ஆயினும் தாயத்துக்காரனிடம் ஓடாமல் இதையாவது செய்தார்களே என்று ஒருவாறு ஆறுதலும் கொள்ளுகிறார். தலையில் வைப்பதைவிட இருதயத்தில் வையுங்கள் என்பது அவர் எடுத்துச் சொல்லும் கருத்து. நம் பாட்டிமாரிடம் பேசும்போது நமக்கும் இந்தப் பொறுமை வேண்டும். பள்ளிக்கூடம் காணாத ஒரு தாய், இருட்டில் பிள்ளைக்குக் காவலாக வேதத்தை வைத்தாள் என்றால், அவளைப் பரிகாசம் செய்கிறவன் அறிவாளி அல்லன்.

ஆனால் பொறுமைக்கும் ஓர் எல்லை இருக்கிறது. பிறருக்குக் கேடு வருமிடத்தில் அந்த எல்லை முடிகிறது. அதைப் பற்றித்தான் இன்று கொஞ்சம் விரிவாகப் பேச விரும்புகிறேன்.

வலிப்பு நோயை எடுத்துக்கொள்வோம். காக்காய் வலிப்பு என்று நாம் சொல்லுவது. ஆலயத்திலோ கடைத்தெருவிலோ ஒரு பிள்ளை திடீரென்று விழுந்து கைகால் வெட்டி இழுக்கிறது. கூட்டம் கூடுகிறது. ஒருவர் சாவிக்கொத்தைக் கையில் திணிக்கிறார். கிறிஸ்தவக் கூட்டமானால் சாவிக்குப் பதில் சிலுவை, அல்லது ஜெபமாலை. வேறொருவர், இது பிசாசின் கிரியை என்று உரத்த குரலில் அதட்டத் தொடங்குகிறார். சற்று நேரத்தில் வலிப்பு தானாகவே நிற்கிறது. பெரும்பாலான வலிப்புகள் சில நிமிடங்களில் தாமாகவே நின்றுவிடும் என்பது மருத்துவம் அறிந்த செய்தி. ஆனால் கூட்டம் என்ன முடிவு செய்கிறது? சாவி வைத்தவர் சாவியால் நின்றது என்கிறார். அதட்டியவர் அதட்டியதால் ஓடிற்று என்கிறார். மறுமாதம் திரும்பவும் வலிப்பு வந்தால், வீட்டில் யாரோ பாவம் செய்திருக்கிறார்கள், விசுவாசம் போதாது என்று பழி அந்தத் தாயின் தலையில் விழுகிறது.

செய்ய வேண்டியது மிக எளியது. விழுந்தவரைச் சுற்றிலும் இடிபடக்கூடிய பொருள்களை விலக்குங்கள். தலைக்குக் கீழே மெத்தென்று ஏதாவது வையுங்கள். கழுத்துப் பட்டனைத் தளர்த்துங்கள். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாயில் எதையும் திணிக்காதீர்கள். கரண்டி வேண்டாம், துணி வேண்டாம், தண்ணீரும் வேண்டாம். கைகால்களை அழுத்திப் பிடிக்காதீர்கள். கடிகாரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடித்தாலோ, நின்று மறுபடி உடனே வந்தாலோ, அது முதல்முறை வந்த வலிப்பானாலோ தாமதியாமல் மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். ஒழுங்காக மருந்து உட்கொண்டால் வலிப்பு நோயாளிகளில் நூற்றுக்கு 70 பேர் வரை வலிப்பின்றி வாழமுடியும் என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்லுகிறது. அந்த மருந்தை, ஜெபித்தாயிற்றே என்று ஒரே நாளில் நிறுத்துவது ஆபத்து. நீரிழிவுக்காரர் இன்சுலினை நிறுத்துவதும் அப்படியே. நிறுத்தச் சொல்லும் உரிமை மருத்துவருக்குத்தான் உண்டு. கூட்டம் நடத்தவருகிற எந்த ஊழியருக்கும் இல்லை.

இங்கே ஒரு நேயர், ஐயா, மாற்கு ஒன்பதாம் அதிகாரத்தில் ஆண்டவர் அப்படி ஒரு பையனிடமிருந்து ஆவியைத் துரத்தினாரே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அந்தப் பகுதியை மெதுவாகப் படியுங்கள். ஆண்டவர் முதலில் தகப்பனிடம் கேட்பது, இது எவ்வளவு காலமாக இருக்கிறது என்பதுதான். அந்தத் தகப்பனும் அதுவரை சும்மா இருந்தவன் அல்லன். நெருப்பிலும் தண்ணீரிலும் விழுந்த பிள்ளையைத் தூக்கித் தூக்கிக் காப்பாற்றிக்கொண்டு வந்தவன். அவனுடைய விசுவாசம் அரைகுறை என்று அவனே அழுது ஒப்புக்கொண்டபோதும் ஆண்டவர் அவனைத் துரத்தவில்லை. அந்தப் பகுதியில் கடிந்துகொள்ளப்படுவது பிள்ளையின் தாய் தகப்பனின் பாவம் அல்ல. மேலும் மத்தேயு நான்காம் அதிகாரத்தில் ஆண்டவரிடம் கொண்டுவரப்பட்டவர்களைச் சொல்லும்போது பிசாசு பிடித்தவர்களைத் தனியாகவும், சந்திரரோகிகளைத் தனியாகவும், திமிர்வாதக்காரரைத் தனியாகவும் எழுதியிருக்கிறது. எழுதியவருக்கே அந்த வேறுபாடு தெரிந்திருந்தது.

அப்போஸ்தலனாகிய பவுலைப் பாருங்கள். எபேசு பட்டணத்தில் அவர் உடம்பிலிருந்து கொண்டுபோன துணிகளால் நோயாளிகள் குணமானார்கள் என்று அப்போஸ்தலர் நடபடிகள் 19ஆம் அதிகாரம் சொல்லுகிறது. இன்று துணி ஜெபித்துத் தருகிறவர்களெல்லாம் அந்த ஒரு வசனத்தில்தான் கடை விரித்திருக்கிறார்கள். ஆனால் அதே பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதும்போது, துரோப்பீமு என்ற தம் தோழனை வியாதியுள்ளவனாகவே மிலேத்து பட்டணத்தில் விட்டுவந்ததாகச் சொல்லுகிறார். தீமோத்தேயுவின் வயிற்றுக்கு ஒரு துணியை அனுப்பவில்லை. கொஞ்சம் திராட்சரசம் சேர்த்துக்கொள் என்று கைவைத்தியம் சொல்லுகிறார். தம் உடம்பிலிருந்த முள்ளுக்காக மூன்று தரம் வேண்டியும் அது நீங்கவில்லை. வைத்தியனாகிய லூக்கா அவரோடுகூடப் பயணம் செய்தான். துணிகளால் பிறர் குணமான அந்த மனிதருக்கு, கேட்டது கிடைக்காதபோதும் தேவன் தேவனாகவே இருந்தார். மந்திரவாதியால் அப்படி இருக்க முடியாது. சொன்ன சொல் பலிக்காவிட்டால் அவன் தொழில் போயிற்று.

இனி, நம் நாட்டில் மறைக்கமுடியாத ஒரு வழக்கத்தைக் குறித்தும் சொல்லவேண்டும். நம்பர் எடுப்பது. சாலையில் விபத்து நடந்தால் காயப்பட்டவரைப் பார்ப்பதற்கு முன் வண்டி எண்ணைப் பார்க்கிறோம். துக்க வீட்டில் இறந்தவரின் வயது, கல்லறை எண், கனவில் வந்த எண் எல்லாம் கணக்கில் சேருகின்றன. கிறிஸ்தவர்கள் என்ன செய்கிறோம்? போதகர் பிரசங்கத்துக்கு எடுத்த அதிகாரத்தையும் வசனத்தையும் கூட்டி நாலு நம்பராக்குகிறோம். ஆலயத்தில் பாட்டு எண்களை எழுதும் பலகையைப் பார்த்துக் குறித்துக்கொள்பவர்களும் உண்டு. அவர்கள் பக்தியோடு பாடுவதாகத்தான் போதகர் எண்ணிக்கொண்டிருப்பார். நாலு இலக்கத்தில் பத்தாயிரம் எண்கள் இருக்கின்றன. ஒரு வெள்ளி கட்டினால் முதல் பரிசு 2,500 வெள்ளி, இரண்டாவது 1,000, மூன்றாவது 500, பிறகு பத்து எண்களுக்கு 180, இன்னும் பத்து எண்களுக்கு 60 என்பது வழக்கமான கணக்கு. எல்லாவற்றையும் கூட்டினால் 6,400 வெள்ளி. அதாவது பத்தாயிரம் எண்களையும் ஒருவரே பத்தாயிரம் வெள்ளி கொடுத்து வாங்கினாலும் திரும்பி வருவது 6,400தான். ஒரு வெள்ளிக்கு 64 காசு. எந்த வசனத்தைக் கூட்டினாலும் இந்தக் கணக்கு மாறாது. புதனும் சனியும் ஞாயிறும் பால் மாவுக்கு வைத்த பணம் இப்படிப் போகிறது.

பேரழிவு நேரும்போது நம் பேச்சு இன்னும் கவலைக்கிடமாகிறது. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்துமஸ் முடிந்த மறுநாள். வேளாங்கண்ணியில் கடற்கரையெங்கும் யாத்திரிகர் கூட்டம். காலையில் ஆழிப்பேரலை வந்தது. பேராலயத்துக்குள் நீர் புகவில்லை; உள்ளே திருப்பலியில் இருந்தவர்கள் தப்பினார்கள். வெளியே கரையிலும் கடைவீதியிலும் நூற்றுக்கணக்கானோர் மாண்டார்கள். ஆலயம் தப்பியதை அற்புதம் என்று நம் ஊர்களிலும் பலர் மகிழ்ந்து சொன்னார்கள். தப்பியவர்கள் நன்றி சொல்லுவது முறையே. ஆனால் அந்தக் கரையில் பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தாயும் அதே ஆலயத்தைத் தேடித்தானே வந்தாள்? உள்ளே இருந்தவர்கள் நல்லவர்கள், வெளியே இருந்தவர்கள் பக்தியில்லாதவர்கள் என்றா சொல்லுவது? சீலோவாமில் கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் மாண்டபோது மக்கள் இப்படித்தான் பேசினார்கள். மாண்டவர்கள் எருசலேமில் மற்ற எல்லாரிலும் பெரிய பாவிகள் என்று எண்ணுகிறீர்களோ, அப்படி அல்ல என்று ஆண்டவர் மறுத்ததை லூக்கா 13ஆம் அதிகாரத்தில் காண்கிறோம்.

நமக்கு அடுத்த சிகாமட்டில் 2025ஆம் ஆண்டு ஆகஸ்டு 24, அதுவும் ஒரு ஞாயிறு, விடியுமுன் 4.1 அளவில் நிலம் அதிர்ந்தது. ஜொகூரின் பல பகுதிகளில் அதை உணர்ந்தார்கள். பூமிக்கடியில் உள்ள பழைய பிளவு ஒன்று அசைந்ததுதான் செய்தி. அன்று பொழுது சாய்வதற்குள், இது இன்னாருடைய பாவத்துக்கு அடையாளம் என்று கைத்தொலைபேசிகளில் செய்தி பறந்ததைப் பலரும் பார்த்திருப்பீர்கள். பதினோரு பேருக்கு அனுப்பாவிட்டால் தீங்கு வரும் என்று அந்தக் காலத்தில் கடிதம் வரும்; தபால்தலைச் செலவாவது அதைக் கொஞ்சம் தடுத்துவைத்திருந்தது.

இப்போது நம் சபைகளில் எல்லோருக்கும் பிரியமான ஒரு வழக்கத்துக்கு வருகிறேன். வருடக் கடைசி இரவு ஆராதனையில் வாக்குத்தத்த அட்டை எடுப்பது. தட்டில் அட்டைகள் கவிழ்த்து வைக்கப்பட்டிருக்கும். ஒவ்வொருவராகப் போய் ஒன்றை எடுப்போம். அதிலுள்ள வசனம் அந்த ஆண்டுக்கு நமக்கென்று தேவன் கொடுத்தது என்று வீட்டில் கண்ணாடி அலமாரியில் செருகிவைப்போம். இதை நிறுத்திவிடுங்கள் என்று நான் சொல்லவரவில்லை. ஆண்டின் தொடக்கத்தில் ஒரு வசனத்தோடு வீடு திரும்புவது நல்ல காரியம். ஆனால் தட்டில் எந்த அட்டைகள் இருக்கின்றன என்று கவனித்திருக்கிறீர்களா? ஆசீர்வாதம், செழிப்பு, உயர்வு. சிலுவையை எடுத்துக்கொண்டு பின்னே வா என்ற அட்டை எந்தத் தட்டிலும் என் கண்ணில் பட்டதில்லை. சீட்டு எடுக்கிற கிளியும் கெட்ட சீட்டு எடுப்பதில்லை.

அந்த அட்டைகளில் அதிகம் காணப்படுவது எரேமியா 29ஆம் அதிகாரத்தின் 11ஆம் வசனம். தீமைக்கல்ல, சமாதானத்துக்கேற்ற நினைவுகளைத் தேவன் வைத்திருக்கிறார் என்ற பொருளுள்ளது. அழகான வசனம். அது யாருக்கு எழுதப்பட்டது? எருசலேமிலிருந்து பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்ட மக்களுக்கு எரேமியா எழுதிய கடிதத்தில் வருகிறது. அதற்கு முந்தின வசனத்தைப் பாருங்கள். நீங்கள் திரும்பிவர எழுபது ஆண்டு ஆகும் என்கிறது. கடிதத்தைக் கேட்டவர்களில் பெரும்பாலோர் ஊர் திரும்பக் காணாமலே பாபிலோனில் கண்மூடியிருப்பார்கள். அதற்கு முந்தின அதிகாரத்தில் அனனியா என்று ஒரு தீர்க்கதரிசி வருகிறான். இரண்டே வருடத்தில் எல்லாம் திரும்பிவிடும் என்று கூட்டத்துக்குப் பிரியமானதைச் சொன்னவன் அவன்தான். இன்று அட்டை அச்சடித்தால் அனனியாவின் அட்டைதான் நிறைய விற்கும்.

அந்தக் கடிதத்தில் அட்டைக்கு வராத வரிகளும் இருக்கின்றன. வீடு கட்டிக் குடியிருங்கள், தோட்டம் நட்டு அதன் கனியைச் சாப்பிடுங்கள், பிள்ளைகளுக்குக் கலியாணம் செய்துவையுங்கள், நீங்கள் இருக்கிற பட்டணத்தின் சமாதானத்தைத் தேடி அதற்காக ஜெபம்பண்ணுங்கள் என்று போகிறது. கப்பலேறி வந்து, பிறர் நிலத்தில் பால்மரம் நட்டு, தோட்டம் துண்டாடப்பட்டபோது பட்டணத்தில் குடியேறியவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். யோங் பெங் என்ற பெயரை எழுதும் சீன எழுத்துக்களுக்கு நீடித்த அமைதி என்று பொருள். நம்மைவிட அந்தக் கடிதத்தை நெருங்கிப் படிக்கக்கூடியவர் யார்? ஆகவே அட்டை எடுப்பவர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்றுதான். ஜனவரி முதல் தேதி காலையில், அந்த ஒரு வசனம் வரும் அதிகாரம் முழுவதையும் வீட்டில் உரக்கப் படியுங்கள். தலையணைக்கடியில் இருக்கிற புத்தகத்தை வெளியே எடுக்க அது ஒரு சாக்காகவும் இருக்கும்.

கடைசியாக ஒன்று. கேட்கும்போது சிறியதாகத் தோன்றும். அனுபவிக்கிறவர்களுக்கு அது சிறியதன்று. நம் கிறிஸ்தவத் திருமணங்களில் மணமகளின் தாய் கைம்பெண்ணாயிருந்தால் என்ன நடக்கிறது? கணவர் போனபின், பால் வெட்டி, பலகாரம் விற்று, அந்தப் பெண்ணைப் படிக்கவைத்து இந்த நாளுக்குக் கொண்டுவந்தவர் அவர். ஆலயத்தில் தாலித் தட்டு சுற்றி வரும்போது அவர் இரண்டு அடி பின்னால் நகர்ந்துகொள்ளுகிறார். யாரும் போ என்று சொல்லவில்லை. சொல்லவேண்டிய அவசியமே இல்லாதபடி நாம் அவருக்குப் பல ஆண்டுகளாகக் கற்றுக்கொடுத்திருக்கிறோம். வரவேற்பில் மெழுகுவர்த்தி ஏற்ற அத்தையையோ பெரியம்மாவையோ அழைக்கிறார்கள். சகுனம் பார்ப்பதில்லை என்று ஞானஸ்நானத்தில் வாக்குக் கொடுத்த சபை, ராகுகாலம் பார்ப்பவர்களைக் கண்டிக்கும் சபை, ஒரு தாயைச் சகுனமாக்கி ஓரத்தில் நிறுத்துகிறது.

லூக்கா இரண்டாம் அதிகாரத்தில் குழந்தை இயேசுவைத் தேவாலயத்துக்குக் கொண்டுபோகிறார்கள். முதல்முறையாகப் பிள்ளையை வெளியே எடுத்துக்கொண்டு போகும்போது எதிரே யார் வருகிறார்கள் என்று நம் வீடுகளில் எவ்வளவு கவனம்! அன்று அங்கே வந்து நின்றவர்களில் ஒருத்தி அன்னாள். எண்பத்துநாலு வயதுக் கைம்பெண் என்று லூக்கா மறைக்காமல் எழுதுகிறார். மரியாள் பிள்ளையை முந்தானையால் மூடிக்கொண்டதாக எழுதவில்லை. அன்னாள் தேவனைப் புகழ்ந்து, மீட்புக்குக் காத்திருந்த எல்லாருக்கும் அந்தப் பிள்ளையைக் குறித்துப் பேசினாள் என்றே எழுதியிருக்கிறது.

உங்கள் வீட்டில் திருமணம் வைத்திருந்தால், தாலித் தட்டை எடுத்துவரும் பொறுப்பை அந்தத் தாயாருக்கே கொடுக்கலாம். அதை ஆலயத்தில் ஒத்திகை நடக்கும் நாளிலேயே போதகரிடமும் பெரியவர்களிடமும் சொல்லிவிடுங்கள். திருமணத்தன்று காலையில் சொன்னால் ஒருவர் முகம் சுளிப்பார், அதைப் பார்த்துத் தாயாரே வேண்டாமென்று விலகிக்கொள்வார். முன்கூட்டியே சொல்லிவிட்டால் முணுமுணுப்பதெல்லாம் ஒத்திகையன்றே முடிந்துவிடும். அவரும் நல்ல சேலையாக ஒன்று எடுத்துக்கொள்ள நேரம் இருக்கும்.